ஆட மறுக்கும் ஆட்டக்காரர்



சில மாதங்களுக்கு முன்பு ஒரு கல்லூரியில் நடந்த சொற்போட்டிக்கு நடுவராகச் சென்றிருந்தேன். 'ஆட மறுக்கும் ஆட்டக்காரரைக் கழகம் என்ன செய்ய வேண்டும்?' என்பது தலைப்பு. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இங்கிலாந்தின் நியூகாஸில் கால்பந்துக் கழகத்தில் அலெக்ஸாண்டர் ஈஸாக் என்னும் முன்னணி வீரர் களத்தில் இறங்க மறுத்து நின்ற செய்தி மாணவர் உள்ளத்தில் பசுமையாக இருந்தது. ஒரு கட்சியினர் அவரை நன்றி மறந்தவர் என்றனர். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவர் என்றனர். மறு கட்சியினர் கழகத்தைக் கொடிய முதலாளி என்றனர். மனிதனைச் சந்தை மாடு போல விலை பேசுகிறது என்றனர். இரு தரப்பிலும் குரல்வளத்துக்குக் குறைவில்லை, கைதட்டலுக்கும் குறைவில்லை. ஆனால் ஒரு கேள்வியை, கடைசியாகப் பேசிய ஒரு மாணவியைத் தவிர, வேறு எவரும் கேட்கவில்லை. அந்த வீரர் கொடுத்த வாக்கின் காலம் முடிந்துவிட்டதா, இன்னும் மீதி இருக்கிறதா? இதற்கு விடை தெரியாமல் நன்றியைப் பற்றியும் அடிமைத்தனத்தைப் பற்றியும் முழங்குவது, நாடி பிடித்துப் பார்க்காமல் மருந்து எழுதுவதற்கு ஒப்பாகும்.

விந்தை என்னவென்றால், இந்தக் கேள்வியை உலகுக்குத் தெளிவாக எழுப்பிய ஒரு வழக்கும் அதே நியூகாஸில் கழகத்தில் பிறந்ததுதான். அது நடந்தது 1960-இல். ஒரே கழகம், ஒரே வகைப் பிணக்கு, இடையே அறுபத்தைந்து ஆண்டுகள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நமக்குச் சில உண்மைகள் புலப்படும். முதலில் பழைய கதையைச் சொல்கிறேன்.

ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்பவர் 1936-இல் பிறந்தவர். வட அயர்லாந்தில் ஆர்ட்ஸ் என்னும் சிறு கழகத்தில் ஆடிக்கொண்டிருந்தவரை 1956-இல் 9,000 பவுன் கொடுத்து நியூகாஸில் கழகம் வாங்கிற்று. மெலிந்த தேகம், ஆனால் பந்தை அவர் காலால் தொட்டால் அது அவர் சொற்படி கேட்கும் என்று அக்காலத்து ரசிகர்கள் வியந்தார்கள். நான்கு பருவங்கள் ஆடினார். பிறகு அவருக்கும் கழகத்துக்கும் மனக்கசப்பு வளர்ந்தது. கழகம் தந்த வீடு குடியிருக்கத் தகுதியாக இல்லை என்றார். ஆட்டத்துக்கு அப்பால் கழகம் ஏற்பாடு செய்த வேலை திருப்தியாக இல்லை என்றார். இங்கிலாந்தின் இளைஞர் அணியில் ஆடுவதற்குத் தடை செய்யப் பார்த்தார்கள் என்றும் குறைப்பட்டார். 1959 டிசம்பரில், தம்மை வேறு கழகத்துக்கு மாற்றிவிடும்படி கேட்டார். கழகம் மறுத்தது.

வீடும் உபரி வேலையும் இவ்வளவு பெரிய விஷயங்களா என்று உங்களுக்குத் தோன்றலாம். அதற்கு ஒரு காரணம் உண்டு. அன்றைய இங்கிலாந்தில் கால்பந்து வீரரின் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. பருவத்தில் வாரத்துக்கு 20 பவுன். கோடை ஓய்வில் 17 பவுன். ஆயிரக்கணக்கானோர் ஒரு வீரரைப் பார்ப்பதற்காகவே சீட்டு வாங்கி வந்தாலும் அந்த 20 பவுனுக்கு மேல் ஒரு ஷில்லிங்கும் அவருக்குச் சம்பளமாகக் கொடுக்கக் கூடாது. பணத்தைக் கூட்டிக் கொடுத்துச் சமாதானம் செய்யும் வழி அடைபட்டிருந்தது. அத்தகைய இடத்தில் ஒழுகும் கூரையும் ஓர் உபரி வேலையும் மானப் பிரச்சினைகள் ஆகிவிடுகின்றன.

இதைவிடக் கடுமையான ஏற்பாடு வேறொன்று இருந்தது. வீரரின் ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டுக்கே எழுதப்படும். ஜூன் 30-ஆம் தேதி அது முடியும். முடியும் தறுவாயில் கழகம் இரண்டு பட்டியல்கள் தயாரிக்கும். தக்கவைத்துக்கொள்ளப்படுவோர் ஒரு பட்டியல். விலைக்கு மாற்றிக் கொடுக்கப்படுவோர் மற்றொரு பட்டியல். முதற்பட்டியலில் பெயர் இருந்தால் வீரர் புதிய ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டியதுதான். மறுத்தால் சம்பளம் நின்றுவிடும். ஆயினும் அவருடைய பதிவு கழகத்தின் பெட்டிக்குள்ளேயே இருக்கும். லீகைச் சேர்ந்த வேறு எந்தக் கழகமும் அவரைத் தொட முடியாது. ஒப்பந்தம் இல்லை; ஊதியம் இல்லை; விடுதலையும் இல்லை. இந்த நிலை எத்தனை காலம் நீடிக்கும் என்பதற்கு வரம்பும் இல்லை.

1960 ஜூன் 30-ஆம் தேதி ஈஸ்ட்ஹாமின் ஒப்பந்தம் முடிந்தது. புதிய ஒப்பந்தத்தில் அவர் கையொப்பமிடவில்லை. கழகம் அவரைத் தக்கவைத்துக்கொண்டது. லீகிடம் முறையிட்டார், பலனில்லை. அவர் தெற்கே ஸரே மாவட்டத்துக்குச் சென்று, எர்னி கிளே என்னும் நண்பரின் தொழிலில் சேர்ந்தார். என்ன தொழில் தெரியுமா? தக்கை வியாபாரம்! தக்கவைக்கப்பட்டவர் தக்கை விற்றார். தமிழில் மட்டும் கிடைக்கும் இந்தச் சிலேடையை நான் விட்டுவிட மனம் இல்லாமல் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல மாதங்கள் இவ்வாறு கழிந்தன. இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவரின் கால்கள் களத்தை மறந்திருந்த மாதங்கள் அவை. ஆட்டக்காரரின் தொழில் வாழ்வு வக்கீலின் தொழில் வாழ்வைப் போன்றதன்று. நரை தோன்றிய பிறகு அதில் மதிப்பு ஏறுவதில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அவர் தம் திறமையை விலையாக்கியாக வேண்டும். அதில் ஓர் ஆண்டை இழப்பது பெரிய இழப்பு. கழகத்துக்கு இது தெரியும். காலம் தன் பக்கம் இருக்கிறது என்று கழகம் எண்ணிற்று. ஆனால் கழகத்துக்கும் காலம் ஓடிற்று. விளையாடாத வீரரால் வெற்றியும் இல்லை. விற்காத வீரரால் வரவும் இல்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் நியூகாஸில் இறங்கி வந்தது. 47,500 பவுனுக்கு ஈஸ்ட்ஹாமை லண்டன் ஆர்ஸெனல் கழகத்துக்கு விற்றது. அந்தப் பருவத்தின் இறுதியில் நியூகாஸில் முதற்பிரிவிலிருந்து கீழே இறங்கிற்று. ஈஸ்ட்ஹாமை இழந்ததால்தான் இறங்கிற்று என்று நான் சொல்லமாட்டேன். அவ்வாண்டு அவர்கள் வாங்கிய கோல்கள் நூறுக்கு மேல்; முன்களத்து வீரர் எவரும் அந்த ஓட்டையை அடைத்திருக்க முடியாது. ஆனால் அணி தவித்த வேளையில் நிர்வாகத்தின் கவனம் எங்கே இருந்தது என்று கேட்பதில் தவறில்லை.

ஈஸ்ட்ஹாம் விரும்பியது கிடைத்துவிட்டது. வழக்கை அத்துடன் விட்டிருக்கலாம். வீரர்களின் சங்கம் அவரை விடவில்லை. தனி மனிதருக்குக் கிடைத்த விடுதலை மற்றவர்களுக்கு உதவாது என்று அது கருதிற்று. சங்கத்தின் பொருளுதவியுடன் வழக்கு நடந்தது. 1963 ஜூலையில் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் தீர்ப்பளித்தார். ஒப்பந்தம் முடிந்த வீரரைச் சம்பளமின்றித் தடுத்துவைத்திருப்பது, ஒருவர் தம் தொழிலைச் செய்வதற்கு இடப்படும் நியாயமற்ற தடை என்பது அத்தீர்ப்பின் சாரம். கழகங்களுக்கும் லீகுக்கும் நியாயமான அக்கறைகள் உண்டு என்பதை நீதிபதி மறுக்கவில்லை. அந்த அக்கறைகளைக் காப்பதற்குத் தேவையான அளவை இந்த முறை தாண்டிவிட்டது என்றார். ஆடாத மாதங்களுக்கான பணம் ஈஸ்ட்ஹாமுக்குக் கிடைக்கவில்லை. அவர் பெற்றது ஒரு பிரகடனம் மட்டுமே. இதற்கிடையே, ஜிம்மி ஹில் தலைமையில் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்வதாக எச்சரித்ததன் விளைவாக, 1961 ஜனவரியில் சம்பள உச்சவரம்பும் நீங்கியிருந்தது. ஃபுல்ஹாம் கழகத்து ஜானி ஹேன்ஸ் வாரம் 100 பவுன் பெறும் முதல் வீரரானார்.

மாணவ நண்பர்களே, இந்தப் பழைய வழக்கில் நியூகாஸில் நிர்வாகிகள் எங்கே தவறினார்கள்? அவர்கள் கொடியவர்கள் என்று நான் எண்ணவில்லை. எல்லாக் கழகங்களும் செய்ததையே அவர்களும் செய்தார்கள். விதி அவர்கள் பக்கம் இருந்தது. பதிவுப் புத்தகம் கையில் இருந்ததால் ஆட்டக்காரரும் கையில் இருப்பதாக எண்ணியதுதான் பிழை. பதிவைப் பெட்டியில் வைத்துப் பூட்டலாம். ஆட்டத்தைப் பூட்ட முடியாது.

இதைச் சட்டமும் நெடுங்காலத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டிருக்கிறது. 1852-இல் லண்டனில் நடந்த ஒரு வழக்கு சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு நன்கு தெரிந்திருக்கும். ஜொஹானா வாக்னர் என்னும் பாடகி, லம்லி என்பவரின் நாடக சாலையில் மூன்று மாத காலம் பாடுவதாகவும், வேறெங்கும் பாடுவதில்லை என்றும் ஒப்புக்கொண்டிருந்தார். போட்டி அரங்கத்தார் அதிகப் பணம் தர முன்வரவே அங்கே பாடத் துணிந்தார். லம்லி வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் என்ன சொல்லிற்று? வேறிடத்தில் பாடக் கூடாது என்று அந்த அம்மையாரைத் தடுத்தது. லம்லியின் அரங்கில் வந்து பாடும்படி கட்டளையிட மட்டும் தன்னால் ஆகாது என்று கூறிற்று. குரலைக் கட்டளையால் வரவழைக்க முடியாதல்லவா? நம் இந்தியச் சட்டத்திலும் இந்த நெறி இடம்பெற்றது. 1877-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டம், பன்னிரண்டு மாதம் பாட ஒப்புக்கொண்ட பாடகரையே உதாரணமாகக் காட்டி இதை விளக்கிற்று. பின்பு வந்த 1963-ஆம் ஆண்டின் சட்டத்திலும் 42-ஆம் பிரிவு இதே வழியில் செல்கிறது. ஈஸ்ட்ஹாம் வழக்கின் தீர்ப்பு வெளிவந்த அதே 1963!

ஆகவே சட்டம் வகுக்கும் நியாயம் இதுதான். வாக்கின் காலம் முடிந்தவரைத் தடுத்துவைக்க எவருக்கும் உரிமை இல்லை. வாக்கின் காலம் மீதி இருப்பவர் வேறிடம் செல்வதைத் தடுக்கலாம். தம்மிடம் மனமுவந்து ஆடும்படி செய்ய முடியாது. இரண்டாவது நிலையில் கழகத்தின் கையில் இருப்பது பாதி அதிகாரம். மீதிப் பாதியைப் பேச்சாலும் பொறுமையாலும், சில வேளைகளில் பணத்தாலும் ஈட்டிக்கொள்ள வேண்டும்.

பணத்தால் ஈட்டிக்கொண்டதற்கு ஓர் உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே கால்பந்து என்று வழங்குவது நாம் அறிந்த ஆட்டமன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி எதிரிகளை முட்டித் தள்ளி ஓடும் முரட்டு ஆட்டம். அதில் பந்தை ஏந்தி ஓடுபவரின் உடல் விரைவில் தேய்ந்துவிடும். ஆதலால் அவர்கள் தங்கள் மதிப்பு உச்சத்தில் இருக்கும்போதே கேட்டுப் பெற முயல்வார்கள். டல்லஸ் நகரத்துக் கௌபாய்ஸ் அணி 1993 ஜனவரியில் தேசத்தின் பெருங்கோப்பையை வென்றது. அந்த அணியின் ஓட்டவீரர் எம்மிட் ஸ்மித், இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து லீகிலேயே மிக அதிக தூரம் ஓடியவர். அவருடைய ஒப்பந்தம் முடிந்திருந்தது. கேட்ட தொகையை உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸ் தரவில்லை. ஸ்மித் வீட்டிலேயே இருந்துவிட்டார். புதிய பருவத்தில் முதல் ஆட்டத்தில் வாஷிங்டனிடம் 35-16 என்று தோற்றது டல்லஸ். இரண்டாவது ஆட்டத்தில் பஃபலோவிடம் 13-10 என்று தோற்றது. அன்று உடை மாற்றும் அறையில், சார்லஸ் ஹேலி என்னும் வீரர் தம் தலைக்கவசத்தைச் சுவரில் வீசி எறிந்தார். உரிமையாளரின் செவிக்கு அந்த ஓசை எட்டாமல் போகவில்லை. அதே வாரத்தில் நான்கு ஆண்டுகளுக்கு 1 கோடியே 36 லட்சம் டாலர் என்று ஒப்பந்தம் ஆயிற்று. இரண்டு ஆட்டங்களை இழந்தபோதிலும் அப்பருவத்திலும் ஸ்மித்தே அதிக தூரம் ஓடினார். 1994 ஜனவரி இறுதியில் அதே பஃபலோவை 30-13 என்று வென்று டல்லஸ் மீண்டும் கோப்பையை ஏந்திற்று.

இதைக் கேட்டதும், 'கேட்டதைக் கொடுத்துவிடுவதே உத்தமம்' என்று நீங்கள் முடிவுகட்டிவிட வேண்டாம். அதே அமெரிக்காவில் 2018-இல் லெவியான் பெல் என்னும் ஓட்டவீரர், பிட்ஸ்பர்க் அணி ஓராண்டுக்கென்று முன்வைத்த 1 கோடியே 45 லட்சம் டாலரை ஏற்காமல் பருவம் முழுவதும் ஆடாதிருந்தார். அவருக்குப் பதில் இறங்கிய ஜேம்ஸ் கானர் நன்றாகவே ஓடினார். ஆயினும் அணி இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெறவில்லை. பெல்லும் அடுத்த ஆண்டு நியூயார்க் அணியில் சேர்ந்து முன்போல் சோபிக்கவில்லை. அங்கே இரு தரப்பும் இழந்தன. என்னைக் கேட்டால், அந்த நிகழ்ச்சியில் வருந்தத்தக்கது பணமன்று. பெல்லுக்கு முன்னால் நின்று எதிரிகளின் முட்டுதலைத் தாங்கி வழி அமைத்துக்கொடுத்த தோழர்களே பத்திரிகைக்காரர்களிடம் அவரைக் கடிந்து பேசினார்கள். அவர் வரமாட்டார் என்பது உறுதியானதும் அவருடைய அலமாரியில் இருந்த பொருள்களை எடுத்துப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒருவருடைய ஊதியப் பிணக்கில் மற்ற வீரர்களைப் பேசவிட்டால் இதுதான் நடக்கும்.

இனி நியூகாஸிலுக்குத் திரும்புவோம். அதற்கு முன் இடையில் நடந்த ஒரு மாறுதலைச் சொல்லியாக வேண்டும். ஈஸ்ட்ஹாம் வழக்குக்குப் பிறகும், ஒப்பந்தம் முடிந்த வீரருக்காகப் புதிய கழகம் பழைய கழகத்துக்குப் பணம் கொடுக்கும் வழக்கம் ஐரோப்பாவில் நீடித்தது. பெல்ஜிய நாட்டு வீரர் ஜான்-மார்க் பாஸ்மன் தொடுத்த வழக்கில், 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அதை முறியடித்தது. ஒப்பந்தம் முடிந்த வீரர் வெறுங்கையுடன் வெளியேறலாம். அவருக்காக ஒரு காசும் கேட்கக் கூடாது. வீரருக்கு இது பெரும் விடுதலை. ஆனால் கழகங்கள் வேறு கணக்குப் போடத் தொடங்கின. நீண்ட கால ஒப்பந்தங்களை எழுதி, காலம் மீதி இருக்கும்போதே விற்றால்தான் விலை கிடைக்கும். ஆகவே பிணக்கின் இடமும் மாறிற்று. முன்பு ஒப்பந்தம் முடிந்த பின் வந்த சண்டை, இப்போது ஒப்பந்தத்தின் நடுவிலேயே வருகிறது.

ஈஸாக் ஸ்வீடன் தேசத்தவர். 2022-இல் ஸ்பெயினிலிருந்து நியூகாஸிலுக்கு வந்தார். 2024-25 பருவத்தில் லீகில் 23 கோல்கள் அடித்தார். 2025 மார்ச்சில் லீக் கோப்பையின் இறுதியாட்டத்தில் லிவர்பூலை நியூகாஸில் 2-1 என்று வென்றபோது இரண்டாவது கோல் அவருடையது. 1955-க்குப் பின் எழுபது ஆண்டுகளாக உள்நாட்டுப் பெருங்கோப்பை எதையும் காணாத ஊர் அது. அந்த ஊர் மக்கள் அவரை எவ்வாறு கொண்டாடியிருப்பார்கள் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. அவருடைய ஒப்பந்தம் 2028 வரை இருந்தது. ஆனால் கோடையில் அவர் லிவர்பூலுக்குச் செல்ல விரும்பினார். கழகத்தின் ஆசியப் பயணத்தில் கலந்துகொள்ளவில்லை. லிவர்பூல் 11 கோடி பவுன் தர முன்வந்தது; நியூகாஸில் மறுத்தது. பருவம் தொடங்கியபோது அவர் அணியுடன் இல்லை.

ஆகஸ்டு 19-ஆம் தேதி இரவு ஈஸாக் ஓர் அறிக்கை வெளியிட்டார். தமக்கு வாக்குறுதிகள் அளிக்கப்பட்டன என்றும், அவை காப்பாற்றப்படவில்லை என்றும் கூறினார். இந்தக் கோடையில் விட்டுவிடுவதாகக் கழக அதிகாரி எவரும் வாக்களிக்கவில்லை என்று கழகம் பதில் அறிக்கை விட்டது. அன்றிரவு வீரர் சங்கத்தின் விருது விழா. ஆண்டின் சிறந்த பதினொருவரில் ஈஸாக்கும் ஒருவர். அவர் விழாவுக்குச் செல்லவில்லை. ஈஸ்ட்ஹாமின் வழக்குக்குப் பொருள் உதவிய அதே சங்கம் அது என்பதை எண்ணிப் பாருங்கள்.

யார் சொன்னது உண்மை? வாய்ச்சொல்லுக்குச் சாட்சி கிடையாது. நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் இப்படியொரு கேள்வி எழ இடம் வைத்ததே நிர்வாகக் குறை என்பேன். மூன்று ஆண்டுக் காலம் மீதி இருந்தது எழுத்தில் இருந்தது. 'நல்ல விலை வந்தால் பார்க்கலாம்' என்பது போன்ற பேச்சு ஏதேனும் நடந்திருந்தால், அதுவும் விலையுடனும் தேதியுடனும் எழுத்தில் இருந்திருக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால், இல்லை என்பதையும் அவரிடம் முன்கூட்டியே ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லியிருக்க வேண்டும். ஈஸாக்கின் பக்கமும் நான் பேசவில்லை. மூன்று ஆண்டுகள் மீதமிருக்க, தம் தோழர்களைக் களத்தில் தனியே விட்டவருக்கு ஈஸ்ட்ஹாமின் நியாயம் கிடையாது. ஈஸ்ட்ஹாம் தம் வாக்கை முழுவதும் நிறைவேற்றிவிட்டு விடுதலை கேட்டார். இவர் நடுவழியில் கேட்டார். இருவரையும் ஒரே தட்டில் வைத்து வீரவணக்கம் செய்தால் அது ஈஸ்ட்ஹாமுக்குச் செய்யும் அநீதி.

கழகம் சில காரியங்களைச் சரியாகவே செய்தது. தன்னுடன் ஆட விரும்பாதவர் தனியே பயிற்சி செய்யட்டும் என்று பயிற்றுநர் எடி ஹௌ அவரை அணியிலிருந்து பிரித்துவைத்தார். பெல்லின் கதையில் நாம் கண்ட கசப்பு அணிக்குள் பரவாமலிருக்க இது உதவும். பொதுமேடையில் ஈஸாக்கைக் கழகம் இழித்துரைக்கவும் இல்லை. கதவு திறந்திருக்கிறது என்ற பொருள்படவே அதன் அறிக்கை இருந்தது. ஒருநாள் திரும்பி வரக்கூடிய மனிதருக்குத் திரும்பி வரும் வழியை அடைத்துவிடக் கூடாது. விலையில் அது காட்டிய உறுதியும் வீண் போகவில்லை.

தவறியது ஓரிடத்தில்தான், மாற்று வீரர் விஷயத்தில். அவரை விட்டால் அவருடைய இடத்தை யார் நிரப்புவது? தேடிய முன்களத்து வீரர்கள் சிலர் வேறு கழகங்களுக்குப் போய்ச் சேர்ந்தனர். ஆகஸ்டு 16-ஆம் தேதி ஆஸ்டன் வில்லாவுடன் கோல் இல்லாத சமநிலை. 25-ஆம் தேதி அதே லிவர்பூல் நியூகாஸிலுக்கு வந்து, இரண்டு கோல் பின்தங்கியும் பத்துப் பேருடன் போராடிச் சமன் செய்த அணியைக் கடைசி நிமிஷத்தில் 3-2 என்று வீழ்த்தியது. 30-ஆம் தேதி லீட்ஸுடன் மீண்டும் கோல் இல்லாத சமநிலை. மூன்று ஆட்டங்களில் இரண்டு புள்ளிகள். பந்தை வலைக்குள் தள்ள ஆள் இல்லாமல் அந்த அணி பட்ட பாடு எண்களிலேயே தெரிகிறது. பருவத்தில் வீரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு செப்டம்பர் 1-ஆம் தேதியுடன் முடிவது. கெடுவுக்கு முன்பு ஜெர்மனியிலிருந்து நிக் வோல்டமாடா வந்து சேர்ந்தார். கெடுநாளன்று ஈஸாக் 12 கோடியே 50 லட்சம் பவுனுக்கு லிவர்பூல் சென்றார். பிரிட்டனில் அதற்கு முன் எந்த வீரருக்கும் கொடுக்கப்படாத விலை அது. அதே நாளில் நியூகாஸில் இன்னொரு வீரரையும் வாங்கிற்று. பிரென்ட்ஃபோர்டு கழகத்தின் யோவான் விஸா. அவரும் தம் கழகத்தில் ஆட மறுத்து, தமக்குத் தந்த வாக்கு மீறப்பட்டது என்று அறிக்கை விட்டுவிட்டு வந்தவர்தாம்! தனக்கு நேர்ந்தபோது கசந்தது, பிறருக்கு நேர்ந்தபோது இனித்தது. கால்பந்துக் கழகங்களைக் குறித்து மட்டும் இதைச் சொல்வது நியாயமாகாது. உலக வழக்கமே இப்படித்தான் இருக்கிறது.

சொற்போட்டி முடிந்து நான் புறப்பட்டபோது, அந்த மாணவி வாயிலருகே வந்து நின்றாள். "ஐயா, அந்தக் கழகம் உங்கள் பொறுப்பில் இருந்திருந்தால் அவரை விற்றிருப்பீர்களா?" என்று கேட்டாள்.

"விற்றிருப்பேன் அம்மா" என்றேன். "அவருக்கு மனம் போய்விட்டது என்று கோடைத் தொடக்கத்திலேயே தெரிந்திருக்கும். அன்றே அவரை அழைத்து, 'உன் ஒப்பந்தம் 2028 வரை இருக்கிறது. அது உன் வாக்கு. ஆனால் இந்த விலை, இந்தத் தேதிக்குள், உனக்குப் பதில் ஒருவர் எங்களுக்குக் கிடைத்த பின், நீ போகலாம். அதுவரை நீ ஆட வேண்டும். இந்த நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் நீ இங்கேதான்' என்று எழுதி அவர் கையிலும் ஒரு பிரதி கொடுத்திருப்பேன்."

"அவர் அதற்கும் ஒப்பாமல் ஆட மறுத்தால்?"

"சம்பளத்தை ஒப்பந்தப்படி பிடித்துக்கொண்டு, தனியே பயிற்சி செய்யச் சொல்லிவிட்டு, மாற்று வீரரைத் தேட ஜூலை மாதமே ஆள் அனுப்பியிருப்பேன்."

அவள் சிறிது யோசித்தாள். "அப்படியானால் ஈஸ்ட்ஹாமை?" என்றாள்.

"ஜூலை முதல் தேதி காலையில் வாயிற்கதவைத் திறந்து விட்டிருப்பேன்" என்றேன். "அதற்கு முன்னால், அந்த வீட்டின் கூரையைப் போய்ப் பார்த்திருப்பேன்."